முறை பார்த்து ஜோடி சேர்த்த டிராகன்கள்

என் மகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். திண்டிவனத்தில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் விழுப்புரம் ஊருக்குள் போகும் முன்பே வரும் அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிடலாம். ஊசி குத்தி, பையைத் தொங்கவிட்டு, அது சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய நாலு மணி நேரம் ஆகும். நாலு மணி நேரம் ஒரு குழந்தையைக் கையை ஆட்டாமல் படுக்க வைக்க வேண்டுமென்றால் எந்தத் தாயும் செல்போனைத்தான் எடுப்பாள். பிள்ளைக்குப் போனைப் பழக்காதே என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் யாரும் அந்த வார்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை.

டிராகன் விளையாட்டு அப்படித்தான் வந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. பார்த்துக்கொண்டிருந்த கார்ட்டூனுக்கு நடுவில் விளம்பரமாக வந்தது, அழுது அடம்பிடித்துப் போனில் ஏற்ற வைத்தாள். டிராகன் என்றால் இறக்கை முளைத்த பெரிய உடும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை கிடையாது, வெட்டுக்குத்து கிடையாது. ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்த்துக் கூட்டில் வைக்க வேண்டும். நாலு நாளில் முட்டை, அப்புறம் குஞ்சு. குஞ்சின் நிறம், இறக்கை, முதுகில் ஓடும் கோடு எல்லாமே அப்பா அம்மாவிடமிருந்து வரும் ஜீனைப் பொறுத்தது. நமக்கு வேண்டிய நிறத்தை, வேண்டிய இறக்கையைக் கொண்டுவர, யாரை யாருடன் சேர்ப்பது என்று யோசிப்பதுதான் மொத்த ஆட்டமும்.

திண்டிவனத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் நான் டைப் அடிக்கிறேன். பாகப்பிரிவினை, தானப் பத்திரம், விடுதலைப் பத்திரம். யாருக்கு எத்தனை தாரம், எந்தத் தாரத்துக்கு எந்தப் பிள்ளை, யார் வாரிசில்லாமல் போனார் என்பதெல்லாம் எனக்குத் தினசரிச் சோறு. அதனால் அந்த விளையாட்டில் இருந்த வம்சாவளிப் பக்கம் எனக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. எந்த டிராகனைத் தொட்டாலும் ஐந்து தலைமுறைக்கு மரம் விரியும். மகள் நிறம் பார்த்தாள், நான் உறவு பார்த்தேன். கொஞ்ச நாளில் அவளைவிட நான்தான் அதிகமாக ஆடினேன், இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

எங்கள் வீட்டு ஆட்களுக்கு யாரும் உட்கார வைத்து முறை சொல்லிக்கொடுப்பதில்லை, அது தானாகவே வந்துவிடும். அண்ணன் தங்கை கூடாது. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் பங்காளி, கூடாது. சித்தி பெரியம்மா பிள்ளைகளும் கூடாது. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை ஆகும். சொந்தத் தாய்மாமன் என்றால் அவன்தான் முதல் உரிமைக்காரன், அவன் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியே போக வேண்டும். இந்தக் கணக்கை அப்படியே நான் டிராகன்களுக்கும் போட்டேன். எங்களிடம் சாம்பல் நிறத்தில் நல்ல வாட்டசாட்டமான ஆண் ஒன்று இருந்தது. அதன் அக்காளுக்கு நீலத்தில் ஒரு பெண் பிறந்திருந்தது. இவன் இவளுக்குத் தாய்மாமன், முறை சரியாக இருக்கிறது என்று மகளுக்குச் சொல்லிவிட்டு இரண்டையும் கூட்டில் வைத்தேன்.

சிவப்புப் பட்டை வந்தது. நெருங்கிய ரத்த உறவு, இந்த ஜோடியைச் சேர்க்க முடியாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. விளையாட்டில்தான் ஏதோ தப்பு என்று நினைத்தேன். அதை ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் பக்கம் ஒன்று உண்டு, அங்கே போய், இது தங்கை இல்லை, அக்காள் மகள்தான், தயவுசெய்து சரி செய்யவும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். எந்த நாட்டுக்காரனோ ஒருவன், இரண்டும் ஒன்றுதானே, யாராவது இதைக் கேட்பார்களா என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் மூஞ்சியைப் போட்டிருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கு என்னடா தெரியும் முறையைப் பற்றி என்று போனைப் பார்த்தே திட்டினேன்.

மகள் கையில் ஊசியோடு படுத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா வேணாங்குது?"

"மாமனும் அக்கா பொண்ணுமா இருக்குதாம். சேக்கக் கூடாதாம்."

"நீயும் அப்பாவும் மாதிரியா?"

என் கணவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பிறந்ததிலிருந்து அவரை மாமா என்று கூப்பிடுகிறேன், கல்யாணத்துக்குப் பிறகு கூப்பிடும் பெயர்கூட மாறவில்லை. ஆமாம் என்று மகளிடம் சொன்னேன். சரி, அப்படியென்றால் பச்சையை வைக்கலாம் என்று அவள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு அப்புறம் எதுவும் ஓடவில்லை.

அவளுக்கு எட்டு மாதத்தில் நோய் தெரிந்தது. பால் குடிக்கவில்லை, எடை ஏறவில்லை, உள்ளங்கை வெளுத்துப்போய்க் கிடந்தது. பரிசோதனை எல்லாம் எடுத்த பிறகு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, சொந்தத்தில் கல்யாணமா என்பது. சொந்தத் தாய்மாமன் சார் என்றேன். அதைச் சொல்லும்போது எங்கள் குரலில் தானாக ஒரு மிதப்பு வரும், அன்றைக்கும் வந்தது. அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் ரத்தத்திலும் அரைகுறையாக ஒரு கோளாறு மறைந்து இருக்கிறது, இரண்டு அரையும் சேர்ந்து பிள்ளைக்கு முழுசாக வந்துவிட்டது என்றார். எங்கள் காதில் விழுந்ததெல்லாம் ரத்தம் குறைவு என்பது மட்டும்தான். அம்மா கோலியனூரிலிருந்து பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் கேப்பை மாவும் பை பையாகக் கொண்டுவந்தாள். ரத்தம் ஏற்ற ஏற்றப் பிள்ளை உடம்பில் இரும்புச் சத்து கூடிப்போகிறது, அதை வெளியேற்றத்தான் தினமும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரை என்பது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை ஒரு கையால் மாத்திரையும் மறு கையால் கீரையும் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டில் கண்ணாடி இறக்கை என்று ஒரு ஜீன் இருந்தது. வந்தால் இறக்கை ஊடுருவித் தெரியும், அந்தப் பக்கம் இருக்கும் மரம் மலை எல்லாம் அதன் வழியாகத் தெரியும். என் மகள் அதற்காகத் தவம் கிடந்தாள். ஆனால் அது அப்பாவிடம் மட்டும் இருந்தாலோ அம்மாவிடம் மட்டும் இருந்தாலோ வெளியே தெரியாது. சாதாரண இறக்கையோடு ஊரில் உலவும், உள்ளே மட்டும் ஒளிந்திருக்கும். அப்படி ஒளித்து வைத்திருக்கும் டிராகனைக் கேரியர் என்பார்கள். கேரியர் இரண்டு ஜோடி சேர்ந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. இந்த முட்டையில் வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றில் வராது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ஒவ்வொரு முட்டைக்கும் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எது கேரியர் என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவையும் நான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. மூன்று மாதம் முட்டை முட்டையாகத் தோற்று, ஆபீசில் வீணாய்ப்போன பத்திரக் காகிதங்களின் பின்பக்கம் மரம் மரமாக வரைந்து தெரிந்துகொண்டேன். மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். எட்டு வயதுக்குள் அவளுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாக வந்தது.

எங்கள் முதல் கண்ணாடி இறக்கை வார்டில் வைத்துத்தான் பொரிந்தது. மகள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து பார்த்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே குஞ்சின் வம்சாவளியைத் திறந்தேன். மேலே இரண்டு சாதாரண டிராகன்கள், இரண்டிலும் ஒரே ஒளிந்திருக்கும் குறி, கீழே அந்தக் குஞ்சு. அது என் வீடு. டாக்டர் ஏழு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அரையும் அரையும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஊரார் குடும்பத்துக்கெல்லாம் மரம் போட்டுக்கொடுத்தவள், என் மரத்தை ஒரு பொம்மை ஆட்டத்தில்தான் பார்த்தேன். மகளை நர்ஸிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். அவள் மேல் இரக்கப்பட்டு அழவில்லை. என் முட்டாள்தனத்தை நினைத்துத்தான் அழுதேன்.

அந்த வாரமே எங்கள் குடும்பத்து மரத்தை வரைந்தேன். எனக்கு இருக்கிறது, மாமாவுக்கு இருக்கிறது. மாமாவுக்கு இருந்தால் அவர் தம்பிக்கும் இருக்கலாம். எனக்கு இருந்தால் என் தங்கைக்கும் இருக்கலாம். காகிதத்தில் இந்த இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் மாமாவின் தம்பிக்குத்தான் என் தங்கை என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்திருந்தார்கள்.

தங்கை என்னைவிட ஒன்பது வயது சின்னவள். கோலியனூரில் அம்மாவோடு இருந்துகொண்டு விழுப்புரத்தில் பி.எட். படித்தாள். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு எல்லாமே அவளுடைய தம்பிகள்தான். நிலத்தில் மல்லாட்டை போடுவதா நெல் போடுவதா என்பதுகூட அவர்களைக் கேட்டுத்தான். அந்தத் தம்பி, எங்களுக்குச் சின்ன மாமா, திண்டிவனத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மகளுக்கு ரத்தம் கிடைக்காத நாட்களில் நண்பர்களை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் வரிசையாக உட்கார வைப்பவர் அவர்தான். என் மகள் அவர் தோளிலேயே வளர்ந்தாள்.

அதே சமயம் கோலியனூரில் தெருக்கார அம்மா ஒருத்தி, வரன் பார்த்துக் கொடுப்பவள், வானூரில் ஒரு பையன் இருக்கிறான் என்று போட்டோ கொண்டுவந்திருந்தாள். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. அம்மா அதைச் சட்டை செய்யவில்லை. தங்கை மட்டும் அந்தப் போட்டோவைத் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். எனக்கு இரண்டு தடவை காட்டினாள். இரண்டாவது தடவை காட்டும்போது முதல் தடவை காட்டியது மறந்துவிட்டது மாதிரி நடித்தாள்.

யாரிடமும் சொல்லாமல் அவளை விழுப்புரத்தில் ஒரு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு நாள் கழித்து முடிவு வந்தது. அவளுக்கும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து டிராகன் மரத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பயந்தாள்.

"அப்ப எனக்கும் பாப்பா மாதிரிதான் பொறக்குமா?"

"சின்ன மாமாவுக்கும் இருந்து, அவரையே நீ கட்டிக்கினா வரலாம். இது இல்லாதவங்களாப் பாத்துக் கட்டிக்கினா கொழந்தைக்கு இந்த நோவு வராது. நீ நல்லாத்தான்டி இருக்க, உனக்கு நோவு ஒண்ணும் இல்ல."

அவள் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. அம்மாவிடம் நீ சொல்லுக்கா, நீ சொன்னால்தான் கேட்பாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன மாமாவை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இதுவரை ஒரு காரணமும் இருக்கவில்லை, இப்போது கிடைத்துவிட்டது. அவள் வாழ்க்கை என் வாழ்க்கை மாதிரி ஆகக் கூடாது என்பது மட்டும்தான் அன்று எனக்கு இருந்த ஒரே வேண்டுதல். அதை என்னால் செய்ய முடியும் என்றும் நம்பினேன்.

முதலில் சின்ன மாமாவிடம் போனேன். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் என்றேன். கடையில் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே சிரித்தார். நான் கல் மாதிரி இருக்கிறேன், எனக்கு எதற்கு டெஸ்ட்டு என்றார். மறுபடி கேட்டபோது முகம் மாறியது. என் ரத்தத்தையே சந்தேகப்படுகிறாயா என்று கேட்டார். அவர் பயந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும், நான் அவரிடம் அமைதியாகப் பேசவில்லை. படிக்காத மூடர்களோடு மாரடிக்க வேண்டியிருக்கிறது என்று கத்திவிட்டு வந்தேன். என் வாய் அப்படி.

கோலியனூரில் பேச்சு முடிக்க ஒரு நாள் குறித்தார்கள். மாமாக்கள் இருவரும் தட்டோடு வந்தார்கள், அப்பா வழிப் பங்காளிகள் வந்தார்கள், தெருப் பெண்கள் வந்தார்கள், வரன் பார்க்கும் அந்த அம்மாவும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் தனியாகச் சொன்னால் அமுக்கிவிடுவாள், நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தால்தான் இது நிற்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். எழுந்து நின்றேன். வரைந்த மரத்தை விரித்தேன், போனில் டிராகன்களைக் காட்டினேன். எனக்கு இருக்கிறது, மாமாவுக்கு இருக்கிறது, இவளுக்கும் இருக்கிறது, லேபில் எடுத்துப் பார்த்தாயிற்று என்றேன்.

இது இல்லாத இடமாகப் பார்த்து வெளியே கட்டிக்கொடுத்தால் ஒரு ஆபத்தும் இல்லை என்ற மறுபாதியையும் நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். யார் காதிலும் அது ஏறவில்லை. அந்தக் குழந்தைக்கு இருக்கும் வியாதி இந்தப் பெண்ணுக்கும் இருக்கிறதாம் என்று பெண்கள் பக்கத்தில் கிசுகிசு தொடங்கிவிட்டது. பங்காளிப் பெரியவர் ஒருவர், பல்லி ஓணானை வைத்துக்கொண்டு மனுசங்களுக்குச் சம்பந்தம் பேச வந்துவிட்டாள் என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் வரன் பார்க்கும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா மெல்ல எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு முன்னால் என் தங்கைக்குப் புரிந்துவிட்டது.

விளையாட்டில் கேரியர் என்று தெரிந்தால் அந்த டிராகனுக்கு மவுசு கூடும். ஆளாளுக்கு வந்து ஜோடி கேட்பார்கள். எத்தனையோ மாதம் அதிலேயே மூழ்கிக் கிடந்ததில், மறைந்திருப்பதை வெளியே சொல்வது நல்லது என்று என் மூளை பழகிவிட்டது. ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிய நான் ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் பிறந்தவள்தானே நான்.

ஒரே வாரத்தில் வானூர்க்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு விசாரித்த இரண்டு இடமும் விசாரித்ததோடு நின்றது. அவளோடு பி.எட். படிக்கும் பெண்கள்கூட, உனக்கு என்ன வியாதி என்று கேட்டார்களாம். மூன்று நாள் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மா போனில் என்னைக் கிழித்தாள்.

"ஊரு பூரா தண்டோரா போட்டுட்டு வந்துட்ட. இனிமே எவன்டி இவளக் கட்டுவான்? வெளிய குடுக்கணும் வெளிய குடுக்கணும்னு சொல்லிக்கினு, வெளிய போற வழிய நீயே அடைச்சிட்டியேடி."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

கடைசியில் சின்ன மாமாதான் வந்தார். யாரும் வேண்டாம் என்றால் நான் கட்டிக்கொள்கிறேன், என் அக்காள் பெண்ணை நான் கைவிட மாட்டேன் என்றார். அம்மா அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். பங்காளிகள் அவரை மெச்சினார்கள். எதை நிறுத்த நான் எழுந்து நின்றேனோ அதே கல்யாணம், இப்போது ஒரு தியாகமாக மாறி நின்றது. அவருக்கும் அதில் நடிப்பு இல்லை, நிஜமாகவே தான் ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதாக நம்பினார். தங்கையை யாரும் கேட்கவில்லை. அவள் என்னோடு மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சின்ன மாமாவிடம் மறுபடி டெஸ்ட் பற்றிக் கேட்டேன். முடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம், ஏன் இப்படிப் பேஜாரு பண்ணுகிறாய் என்றார். நான் மல்லுக்கு நின்றிருக்கலாம். மண்டபத்தில் போய் நின்று தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அம்மாவுக்குப் பயந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் உண்டு, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு மாமாக்களும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவரைக் கட்டினால் தங்கை என் வீட்டுக்கே வந்துவிடுவாள், ஆஸ்பத்திரிக்கு நான் ஒருத்தியே அலைய வேண்டாம், பிள்ளையைப் பிடிக்க இன்னொரு கை இருக்கும் என்று மனசின் ஒரு மூலையில் ஓடியது. ஓடியது என்ன, அது எனக்கு இதமாகக்கூட இருந்தது. தாலி கட்டும்போது பின்னால் நின்று விளக்குப் பிடித்தவள் நான்தான்.

தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. என் மகளுக்கு அவள் சித்தி என்றால் உயிர். பாடம் சொல்லிக்கொடுப்பதும் தலை பின்னுவதும் மாத்திரை கரைத்துக் கொடுப்பதும் எல்லாமே அவள் வேலை ஆகிவிட்டது. நாலு மாதத்தில் நாள் தள்ளிப்போயிற்று. அதற்குப் பிறகு நான் விடவில்லை. சின்ன மாமாவும் இந்தத் தடவை வாயைத் திறக்காமல் வந்து கையை நீட்டினார். அவருக்கும் இருந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் பைக் மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேருக்கும் இருந்தால் கரு மூன்று மாதம் முடிவதற்குள் அதைச் சோதித்துப் பார்க்கலாம். சென்னைக்குப் போக வேண்டும். பாதிப்பு முழுசாக இருந்தால் என்ன செய்வது என்பதை அவர்கள் இருவரும் முடிவு செய்ய வேண்டும். நான் விசாரித்து, நாள் வாங்கி, வண்டி சொன்னேன். தங்கை சம்மதித்திருந்தாள். அவளும் என்னோடு சேர்ந்து இத்தனை வருஷம் பார்த்தவள்தானே. ஊசி, காய்ச்சல், மண்ணீரல் வீங்கிப் புடைத்த வயிறு, இந்த மாதம் ரத்தம் கிடைக்குமா என்ற கவலை. அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று பள்ளிக்கூடம் லீவு. வண்டி வாசலில் நின்றது. சின்ன மாமா முன்னால் உட்கார்ந்துவிட்டார், தங்கை பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் மருத்துவக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வருவதற்குள் என் மகள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நாங்கள் பேசியதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்தக் கணக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. எதையோ தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"டெஸ்ட்ல என்னை மாதிரின்னு வந்தா, அந்தப் பாப்பா வேணாமா சித்தி?"

தங்கை அவளையே பார்த்தாள். பிறகு வண்டியிலிருந்து இறங்கினாள். நான் ஜல்தியாக ஏறு, நேரமாகிறது என்று சொல்லிப் பார்த்தேன், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"இவளப் பாத்துக்கினு நான் எப்பிடிக்கா போவேன்?" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வண்டியை அனுப்பிவிட்டோம். இன்னும் ஒரு வாரம் அவகாசம் இருந்தது. தினமும் கேட்டேன், கெஞ்சினேன், அவள் அசையவில்லை. அந்த ஒரு வாரமும் என் மகள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. நோயாளிப் பிள்ளை, நான் பெற்ற பிள்ளை, அவளை அறைய வேண்டும் போலக் கை பரபரத்தது. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். வயிற்றில் இருப்பது எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அம்மா வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன முறை ரத்தம் ஏற்றப் போனபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் போனோம். பை வருவதற்காகக் காத்திருந்தோம். மகள் போனை ஓரமாக வைத்துவிட்டு, நான் வயிற்றில் இருந்தபோது எனக்கு அந்த டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தாலும் உன்னத்தான் பெத்திருப்பேன்."

"பொய் சொல்லாதம்மா," என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. நர்ஸ் வந்ததும் கையை அவளே நீட்டினாள்.